இரண்டு நிமிடப் பெட்ரோல்

அந்த மழை நாளில் என் ஜீப்பின் பெட்ரோல் பம்ப் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன். அதனால் அவள் தன் தாயை உயிரோடு பார்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதலாம் என்று வைத்தால், அதற்குள் எனக்குச் சாதகமாக நாலு வரி சேர்ந்துவிடும்.

நான் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற வருடம் ஏலத்தில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை எடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. சேற்றிலும் மணலிலும் தண்ணீரிலும் போவதற்கென்றே செய்தது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் இரண்டு வருடம் அதோடு கிடந்தேன். எஞ்சினைப் பிரித்துக் கோத்தேன். அடிச்சட்டத்தின் துருவை நானே சுரண்டினேன். பச்சை பெயின்ட் அடித்து ஒன்பதாவது நாள் மழை பிடித்துக்கொண்டது.

மழையின் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு என் மைத்துனன் போன் செய்தான். என் மனைவியின் ஒரே தம்பி. கனகசெட்டிக்குளத்தில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவன்.

"அக்கா, அம்மாவுக்கு முடியல. உன் பேரயே சொல்லிக்கினு கீது. கடல் தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சி, பாத்து வா."

பஸ் ஓடவில்லை. ஆட்டோ கிடையாது. எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நல்லவேளை, ஜீப் இருக்குது." அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு மாற்றுப் புடவை, பஞ்சு, இவற்றைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஷெட்டுக்குப் போனேன்.

கடல் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது என்ற வார்த்தைதான் என் காதில் நின்றது. உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்துக்குள் புகுந்தால் என் இரண்டு வருட வேலை ஒரு வருடத்தில் துருவாகிவிடும். அந்த வருடம் அதற்கு முன்பே மூன்று முறை அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்திருந்தது. மூன்று முறையும் நாங்கள் போய் இறங்கியபோது என் மாமியார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். இது நாலாவது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வந்து நின்ற ஒரே ஆள் அவள்தான். அதை அப்போது நினைக்கவில்லை.

ஜீப்பில் பெட்ரோல் டேங்க் தாழ்வாக இருக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் மேலே இருக்கும். எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கிற உள்ளங்கை அளவுச் சாமான்தான் பம்ப். எஞ்சின் சுற்றும்போது அதன் கையை அசைக்கும், உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கி, கீழே இருக்கும் பெட்ரோலை இழுத்து மேலே தள்ளும். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றினேன். பார்த்தால் தெரியாதபடி அதன் வாயருகிலேயே சும்மா ஒட்டி வைத்தேன். இனி பம்ப் காற்றைத்தான் இழுக்கும். கார்புரேட்டரில் ஏற்கெனவே தங்கியிருக்கும் பெட்ரோலில் வண்டி இரண்டு நிமிடம் ஓடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்து மழையில் நின்றேன். "பம்ப் போயிடுச்சி" என்றேன்.

"தட்டிப் பாருங்களேன்."

ஸ்பேனரால் தட்டினேன். அவள் இறங்கி வந்து என் தலைக்குக் குடை பிடித்தாள். பத்து நிமிடம் அப்படி நின்றோம். நான் தட்டிக்கொண்டும், அவள் பிடித்துக்கொண்டும்.

பிறகு குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்க வராதீங்க. சளி புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். வழியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் விட்டாராம். மீதி நடை. அவள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு. உயிர் பதினொன்றேகாலுக்குப் போயிருந்தது. ஜீப் போயிருந்தால் ஒன்பதுக்கு முன்பே போயிருப்போம்.

மறுநாள் மழை விட்டது. பஸ் பிடித்துப் போனேன். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் என்னை வாங்க என்று சொல்லவில்லை.

"பம்ப்பு போச்சுன்னா இன்னா மாமா? ஒரு கேன்ல பெட்ரோல ஊத்தி பானட்டு மேல கட்டி, ஒரு டியூப வுட்டா தானா எறங்குது. என் போட்ட எத்தினி வாட்டி அப்பிடி கரைக்கு இட்டாந்துகீறேன். நீங்க வாத்தியாரு, உங்களுக்கா தெரியாது?"

சரியாகச் சொன்னான். பம்ப் உண்மையாகவே போயிருந்தாலும் ஜீப் போயிருக்கும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி எழுந்து வந்தாள்.

"அவரு பொய் சொல்றாருங்கிறியா?"

"நான் அப்பிடி சொல்லலக்கா."

"வேற எப்பிடி சொன்ன? மழையில நனைஞ்சிக்கினு அவரு அத தட்டிக்கினு நின்னத நான் பாத்தேன். பொணத்த வச்சிக்கினு எம் புருஷன நிக்க வச்சிக் கேள்வி கேக்குறியா நீ?"

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் அந்த வீட்டிலிருந்து கிளம்பினாள். அதன் பிறகு தம்பியோடு பேசவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"பம்ப்ப எப்ப மாத்தப் போறீங்க?" என்று அவளே ஒருநாள் கேட்டாள். புதுசு வாங்கி வந்து நல்ல பம்ப்பைக் கழற்றினேன். இரண்டு போல்ட், இரண்டு குழாய். எஞ்சினுக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதுசுக்குக் கிரீஸ் தடவி ஒட்டி, பம்ப்பின் கையை உள்ளே சரியாகப் பொருத்தி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினேன். இருட்டான ஷெட்டில் அவள் டார்ச் பிடித்தாள். கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இத்தினூண்டு சாமானா" என்றாள்.

நல்ல சாமானைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

போன வருடம் ஜீப் உண்மையாகவே நின்று நின்று போனது. உழவர்கரையிலிருந்து மெக்கானிக் வந்து பம்ப்பைப் பிரித்துக் காட்டினார். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க சார். பழைய வண்டி ரப்பருக்கு ஒத்துக்கல. பாருங்க, அல்வா மாதிரி ஆயிடுச்சி. பாடியும் வெடிச்சிருக்குது. கடையில இப்ப டூப்ளிகேட்டுதான். பழைய பம்ப்பு எதுனா இருந்தா குடுங்க, புது சவ்வு போட்டுக் குடுத்துடுறேன்."

டீ கொண்டுவந்த என் மனைவி, "பரண்ல ஒண்ணு இருக்குது. ஆனா கெட்டது" என்றாள். அவளே போய் ஸ்டூல் போட்டு எடுத்து வந்தாள். செய்தித்தாள் பழுத்திருந்தது.

மெக்கானிக் பம்ப்பின் வாயைக் கட்டை விரலால் மூடி, அதன் கையை அசைத்தார். அது விரலைப் பிடித்து இழுத்தது. மறுபடி அசைத்துப் பார்த்துச் சிரித்தார். "யாரு சார் இத கெட்டதுன்னு சொன்னது? ரப்பரு காஞ்சிருக்குது, அவ்ளோதான். எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

"இவருதான் கழட்டினாரு" என்றாள் என் மனைவி.

"சரி, சாருக்கு அப்பப் புதுசுதானே, தெரிஞ்சிருக்காது."

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதும் நான் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழாயைக் கழற்றியது, உப்புத் தண்ணீர், புது பம்ப், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்.

"நான் கொடை புடிச்சேனே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

கீரையை உருவி முடித்து எழுந்து போனாள். அன்று சாப்பாடு போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கீரைக் காம்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் அதே பழைய பம்ப் மாட்டிய ஜீப்பில் கனகசெட்டிக்குளம் போனேன். முப்பது நிமிடம் ஆனது. மைத்துனன் கரையில் எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "அக்காகிட்ட சொன்னியா?" என்றான். எப்போதும் என்னை நீங்க என்றே சொல்லுகிறவன்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னுது?"

"ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு நாலு பேர் முன்னால நீ தலைகுனிஞ்சு நின்ன. அதே நாலு பேர் முன்னால வந்து நான் சொல்றேன்."

"வாணாம் மாமா. அதுல பாதிப் பேரு செத்துட்டாங்க." ஒரு போல்ட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "கேன் கட்டலாம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு" என்றான்.

"தெரியும்."

தலையாட்டிவிட்டு எஞ்சினுக்குத் திரும்பினான். நான் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். கையில் சங்கரா மீன் பை. என் மனைவி கதவைத் திறந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "கெழவனாயிட்டியேடா" என்றாள். சமையலறையில் இரண்டு பேரும் மாலை வரை பேசினார்கள். நான் முன்னறையில் இருந்தேன். ஒருமுறை அவள் சிரித்த சத்தம் கேட்டது.

இந்த வருடம் மாமியாரின் திதிக்கு அவன்தான் வந்து அழைத்துப்போனான். ஜீப் நன்றாக இருக்கிறது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "இருக்கட்டும்" என்றாள். முட்டி வலியோடு பைக்கில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தாள். என்னிடம் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் பற்றிப் பேசுகிறாள். ஜீப்பில் மட்டும் ஏறுவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை.

ரப்பர் காயாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு நிமிடம் தாண்டும், ஐந்து தாண்டும். வண்டி நிற்காது. உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"அத ஆஃப் பண்ணுங்க. பொகை உள்ள வருது."

ஆஃப் செய்துவிடுவேன்.