வாளுக்குக் கனம் போதாது என்றவர்

பகலெல்லாம் புது மாடல்தான் உசத்தி என்று சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் பழையதுதான் உசத்தி என்று சத்தியம் செய்து பேர் வாங்கினால் அவரை என்னவென்று சொல்வது? முதல்பாகத்தார் என்றுதான் சொன்னார்கள். வீட்டு உபயோகப் பொருள் கடையில், இரண்டாவது மாடியில், சலவை இயந்திரங்களுக்கு நடுவே நிற்பார். "பழைய மாடலை மறந்துடுங்கம்மா. அது துணியைத் துவைக்கல, துவம்சம் பண்ணுச்சு. இதுல சத்தமே வராது பாருங்க," என்று மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் டிரம்மை ஒற்றை விரலால் சுற்றிவிடுவார். அவரிடம் மாட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே புதியதுக்கு முன்பணம் கட்டியவர்கள்.

வீட்டில், இஸ்திரி போடாத துணி மலைபோல் குவிந்து கிடக்கும் பக்கத்து அறையில், வேறொரு முதல்பாகத்தார் உட்கார்ந்திருப்பார். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன், வாய்க்கு நேரே மைக், எதிரே கம்ப்யூட்டர். கையில் வாளோடு புறப்பட்டு, அரக்கனை வெட்டி, வெட்ட வெட்டப் பலம் ஏறி, அடுத்த பெரிய அரக்கனிடம் போய் உதை வாங்குகிற வகை விளையாட்டுகள் இருக்கின்றனவே, ஆக்‌ஷன் ஆர்பிஜி என்பார்கள், அவற்றை விளையாடிக்கொண்டே விமர்சனம் செய்யும் சேனல் அவருடையது. அதிலும் ஏர்லி ஆக்சஸ் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஏர்லி ஆக்சஸ் வேறொன்றுமில்லை. ஆட்டத்தை முழுதாகச் செய்து முடிக்காமல், பாதியிலேயே விற்று, "விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை உங்கள் இஷ்டப்படி செய்கிறோம்" என்று கம்பெனிக்காரன் கும்பிடு போடுவது. அதாவது, அரைவேக்காடு என்று அவனே ஒப்புக்கொண்டு பரிமாறுகிறான். நம்மவர் அதை எடுத்துப் பத்து வருஷத்துக்கு முந்தைய முழுச் சாப்பாட்டோடு பக்கத்தில் வைத்து, "வேகல பாருங்க" என்பார். பிறந்த பிள்ளையை அதன் அப்பனோடு ஓட்டப் பந்தயத்தில் விட்டு, பிள்ளைக்குக் கால் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி? ஆனால் அந்தத் தீர்ப்பைக் கேட்கத்தான் இருபதாயிரம் பேர் காத்துக் கிடந்தார்கள். தலைவரே, தலைவரே என்று ஓயாமல் எழுதுவார்கள்.

அவர் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும் படிக்கல் ஒன்றே ஒன்று. 'எரிகோட்டை' முதல் பாகம். கல்யாணத்துக்கு முன்பு, மூன்று நண்பர்களோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தபோது அதை முடித்தவர், அதற்குப் பிறகு தொடவே இல்லை. "எதுக்குத் தொடணும்? ஒவ்வொரு செங்கலும் மனப்பாடம்," என்பார்.

இந்தக் கதையின் சிக்கல் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி, ஒற்றை நாடி, நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான். எரிகோட்டை இரண்டாம் பாகத்தைச் செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. அந்த ஆட்டத்தின் வாள்சண்டை முழுக்க அவன் கைவேலை. வாளை ஓங்கினால் தோள் எவ்வளவு தாமதமாக வர வேண்டும், அடிபட்டவன் எந்தப் பக்கம் சாய வேண்டும், கேடயத்தில் பட்டால் கை எப்படி அதிர வேண்டும் என்று இரண்டு வருஷம் மாரடித்தான். ஓர் அறையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடித்து அடித்துப் படம் பிடித்ததில் வலது மணிக்கட்டு வீங்கி, தன் கல்யாண ஆல்பத்திலேயே கட்டோடு நிற்கிறான்.

கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தை ஏர்லி ஆக்சஸில் வெளியிட்டபோது ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். புதுச் சண்டை வேண்டுமா, முதல் பாகத்துச் சண்டையே வேண்டுமா? ஒரு மாதம் ஓட்டெடுப்பு. எது ஜெயிக்கிறதோ அதுதான் இனி நிரந்தரம்.

முதல்பாகத்தாரின் மனைவி டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துப் பழகியதால் எதற்கும் குரலை உயர்த்தமாட்டார். அன்று காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"தம்பி செஞ்சதுன்னு நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டாம். உக்காந்து ஒழுங்கா விளையாடிட்டு, தோணுறதைச் சொல்லுங்க. அது போதும்."

"நான் என்னைக்கு ஒழுங்கா விளையாடாம சொல்லியிருக்கேன்?"

"உங்க ஆளுங்க நீங்க கை காட்டுற பக்கம்தான் ஓட்டுப் போடுவாங்க. அவன் ரெண்டு வருஷமா தூங்கல. அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க."

இதுதான் வினையாகப் போனது. மைத்துனன் என்பதற்காக வளைந்துவிட்டதாக ஒருவன் சொல்லிவிட்டால்? நடுநிலைக்கு இழுக்கு வந்துவிடுமே. நல்லது கண்ணில் பட்டாலும் பார்ப்பதில்லை என்று அந்த மனிதர் ஆட்டத்தைத் திறக்கும் முன்பே முடிவு கட்டிவிட்டார்.

வார விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்ததும் நேரலை. இந்த விமர்சகர் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் வரும் பெயர், படம், முன்கதை எதையும் பார்க்கமாட்டார்கள். பட்டனைத் தட்டித் தாண்டி, நேரே சண்டைக்குப் போவார்கள். கதை பார்ப்பவன் கற்றுக்குட்டி. முதல்பாகத்தாரும் தட்டினார், தாண்டினார். திரையில் கோட்டைச் சிறை, ஈரச் சுவர், துருப்பிடித்த வாள்.

"பாருங்க மக்களே, முதல் பாகத்துல வந்த அதே சிறை. சுவருக்குப் பெயின்ட் அடிச்சு நம்ம தலையில கட்டுறாங்க," என்று தொடங்கினார். அதற்குப் பிறகு பிடித்த பிடியை விடவில்லை. வாளுக்குக் கனம் போதாது, ஈர்க்குச்சி சுற்றுகிற மாதிரி இருக்கிறது. எதிரி வெட்டுப்பட்ட பிறகும் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்கிறான். கேடயத்தில் அடித்தால் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. "முதல் பாகத்துல ஒவ்வொரு அடியும் தோள்ல இறங்கும். இதைச் செஞ்சவன் வாழ்க்கையில ஒரு தடவையாவது எதையாவது ஓங்கி அடிச்சிருப்பானா?" என்று முடித்தபோது, தலைவர் மச்சான் என்றுகூடப் பார்க்காமல் பேசிவிட்டார் என்று அவருக்கே தன்மேல் பெருமை தாங்கவில்லை. அவர் இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை, அதற்குள் கூட்டம் ஓட்டுப் பக்கத்துக்குப் படையெடுத்துவிட்டது. பழைய சண்டையே வேண்டும் என்று குத்து குத்தென்று குத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து, எங்கோ இருக்கிற ஒரு பல் டாக்டர் அந்த வீடியோவுக்குக் கீழே பணிவாக எழுதினார்: "தலைவரே, நீங்கள் விளையாடியது முதல் பாகம்."

முதல்பாகத்தார் சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. இரண்டாம் பாகம் வருவதை ஒட்டி, கம்பெனி முதல் பாகத்துக்குப் புதுச் சாயம் பூசி, பழைய ஆட்டம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியிருந்தது. திரையில் இரண்டு ஆட்டங்களுக்கும் உரிய அடையாளப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கோட்டை, ஒரே நெருப்பு. அவர் தட்டியது இடப்பக்கத்தை. ஒவ்வொரு செங்கலும் மனப்பாடம் என்ற மனிதர், அந்தச் செங்கலை ஒரு மத்தியானம் முழுக்க மிதித்துக்கொண்டே, அது எங்கே போனது என்று தேடியிருக்கிறார்.

"பழைய வண்டியை ஓட்டிட்டுப் புது வண்டிக்குப் பிரேக் சரியில்லன்னு சொல்லியிருக்கீங்க," என்றார் மனைவி. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அன்று மாலை மைத்துனன் வந்தான். சண்டைக்கு வரவில்லை, அக்கா கூப்பிட்டதால் வந்தான். முதல்பாகத்தார் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ரிமோட்டைத் தேடுகிற பாவனையில் சோபாவுக்கு அடியில் குனிந்தார்.

"மாமா, நீங்க சொன்ன குறை ஒண்ணொண்ணும் சரிதான்," என்றான் அவன். "வாளுக்குக் கனம் இல்ல, எதிரி அசையல, கேடயம் அதிரல. நாங்களும் அதையேதான் எழுதி சுவத்துல ஒட்டி வச்சோம். அதைச் சரி பண்ணத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

முதல்பாகத்தாருக்குக் குனிந்த தலை நிமிரவில்லை.

அவன் போன பிறகு வலப்பக்கத்துப் படத்தைத் தட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக முன்கதையைத் தாண்டாமல் பார்த்தார். வாளை எடுத்து ஒரு வீச்சு. தோள் தயங்கி, பிறகு இழுத்துக்கொண்டு போனது. எதிரி கேடயத்தால் தடுத்தபோது கையில் இருந்த கன்ட்ரோலர் அதிர்ந்து, அந்த அதிர்ச்சி முழங்கை வரை வந்தது. அவர் ஆட்டத்தை நிறுத்தினார். முதல் பாகத்தில் இருந்ததாக இத்தனை வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கனம் இதுதான். அது முதல் பாகத்தில் இருந்ததே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் அழுகைதான் முந்தியது.

மறுநாளே மைக்கைப் போட்டார். தவறு செய்துவிட்டேன், விளையாடியது பழையது, புதுச் சண்டைதான் மேல், தயவுசெய்து அதற்கு ஓட்டுப் போடுங்கள் என்று மன்றாடினார். அதோடு விட்டிருக்கலாம். ஒளிக்கக்கூடாது என்ற வேகத்தில், "அதைச் செஞ்சது என் மச்சான்," என்றும் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும்.

பிறகு கேட்க வேண்டுமா? வீட்டில் சாப்பாடு போடமாட்டேன் என்றிருப்பார்கள், தலைவர் மாறிவிட்டார் என்றான் ஒருவன். முதலில் சொன்னதுதான் மனசிலிருந்து வந்தது, இது மச்சானுக்காக வந்தது என்றான் இன்னொருவன். அப்படியென்றால் முதலில் திட்டியது முதல் பாகத்தை அல்லவா என்று பல் டாக்டர் கேட்டுப் பார்த்தார். எந்தப் பாகமாக இருந்தால் என்ன, கொள்கை சரிதானே என்று அவர் வாயையும் அடைத்தார்கள். இருபதாயிரம் பேரைப் பழக்கியது யார்? புதியதை யாராவது புகழ்ந்தால் காசு வாங்கிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.

மாதம் முடிந்தது. பழைய சண்டை ஜெயித்தது. அடுத்த அப்டேட்டில் புதுச் சண்டையை எடுத்துவிடுவதாகக் கம்பெனி அறிவித்து, "உங்கள் குரலைக் கேட்டோம்" என்று பூங்கொத்துப் படமும் போட்டது.

"எந்த ஆட்டத்தைப் பாத்துட்டுப் போட்டாங்கன்னு எடுத்துச் சொன்னியா?" என்று முதல்பாகத்தார் போனில் கேட்டார்.

"சொன்னேன் மாமா. ஓட்டு ஓட்டுதான்னுட்டாங்க."

"இப்ப உனக்கு என்ன வேலை?"

"பீப்பாய். ஆட்டத்துல அதை உடைச்சா எப்படி உடையணும்னு."

"நீ செஞ்சதோட காப்பி ஏதாவது வச்சிருக்கியா?"

"கம்பெனி சொத்து மாமா. வீட்டுக்குக் கொண்டுவர முடியாது."

போனை வைத்தார். அடுத்து அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, இணைய வயரைப் பிடுங்கினார். பிடுங்கியது போதாதென்று சுருட்டி, துணிக் குவியலுக்கு மேலே இருந்த அலமாரியில் போட்டுப் பூட்டினார். இணையம் இருந்தால்தானே அப்டேட் வரும்? வந்தால்தானே வாள் போகும்? இணையம் இல்லாமல் நேரலை ஏது, சேனல் ஏது, தலைவரே ஏது? எல்லாம் தெரிந்துதான் பிடுங்கினார். இருபதாயிரம் பேரும் ஒரு வாரம் தேடினார்கள். அடுத்த வாரம் வேறு தலைவர் கிடைத்தார்.

கடையில் மட்டும் வாய் நிற்கவில்லை. விளையாட்டுப் பற்றித் தெரிந்த வாலிபன் யாராவது சலவை இயந்திரம் பார்க்க வந்தால், "எரிகோட்டை ரெண்டுல ஏர்லி ஆக்சஸ் முதல் மாசம் ஒரு சண்டை இருந்துச்சு பாருங்க, அந்த மாதிரி இனி வராது," என்று ஆரம்பிப்பார். ஆரம்பிச்சுட்டார்யா என்று கூட வேலை செய்கிறவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இந்தத் தடவை அவர் சொல்வது அட்சரம் பிசகாத உண்மை. நம்பத்தான் நாதியில்லை.

இப்போது வார விடுமுறை தோறும் மைத்துனன் வருகிறான். முதல் தடவை வந்தபோது அறை வாசலிலேயே நின்றான். முதல்பாகத்தார் நாற்காலியை விட்டு எழுந்து, கன்ட்ரோலரை நீட்டினார்.

"உக்காரு மாப்ள."

அவன் உட்கார்ந்து, முதல் எதிரியின் கேடயத்தில் வாளை இறக்கினான். வலது மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிவிட்டுக்கொண்டு, இன்னொரு தடவை இறக்கினான்.

"ஆபீஸ்ல எல்லா மிஷின்லயும் எடுத்துட்டாங்க மாமா. நானே பாத்து ரொம்ப நாளாச்சு."

"இங்க இருக்கு. எப்ப வேணும்னாலும் வா."

"கம்ப்யூட்டர் ரிப்பேரானா?"

மனைவி அறைக்குள் வந்து, துணிக் குவியலைக் கொஞ்சம் தள்ளி, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரிப்பேராகுற வரைக்கும் விளையாடு," என்றார். அவன் அடுத்த எதிரியிடம் போனான்.