தூணுக்குச் சுண்ணாம்பு அடித்த நாள்

ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்னாட்டிலேயே முதல் ஸ்டேஷனாம். கவர்னர் துரை ஏறின இடமாம். தூணைப் பார், தூணைப் பார் என்பார்கள். பார்த்திருக்கிறேன். பல வருஷம் அந்தத் தூண்களை ஒட்டி இறால் கூடையோடு நடந்தவள் நான். என் காலத்துக்கு முன்னாலேயே அதன் பவிசெல்லாம் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்விட்டது. மிஞ்சியது கரித்தூளும் கூட்ஸ் வண்டியும் காக்காய் எச்சமும்தான். மற்ற ஸ்டேஷன்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? எண்ணூரில் மழைக்கு ஒதுங்கினால் வெளியே நிற்பதைவிட உள்ளே அதிகம் நனைவோம்.

காத்திவாக்கத்திலிருந்து நாங்கள் ஐந்தாறு பெண்கள் எண்ணூரில் காலை வண்டி ஏறி, ராயபுரத்தில் இறங்கி, மார்க்கெட்டுக்கு நடப்போம். நிறைந்த கூடையை யாரும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருத்திக்கு இன்னொருத்தி தூக்கிவிடுவாள். கடைசியாக நிற்பவளுக்கு ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் கை கொடுப்பார். தினமும் அப்படித்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். வலை போட ஆளில்லை. நானும் நாத்தனாரும் உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் தடவித் தடவி ஒரு கூடை இறால் பிடித்தோம். அது விற்றால்தான் வீட்டில் அன்றைக்கு உலை.

அன்று பார்த்து, ரயில்வேயில் பெரிய அதிகாரி ஒருவர் ஸ்டேஷனின் பழம்பெருமையைப் பேச வந்து தொலைந்தார். மீன் வாடை அவர் மூக்கில் ஏறிவிடக் கூடாதாம். மகா புத்திசாலி ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் வண்டியைக் கைகாட்டிக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தார். வெயில் ஏறியது. கூடையில் போட்டிருந்த ஈரச்சாக்கு காய்ந்து மொறமொறத்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கினோம். அன்றைக்குக் கடைசி ஆள் நான்.

“நீ இங்கியே இரு யக்கா, போர்ட்டரு நைனாவ அனுப்பறோம்” என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நின்றால் அவர்கள் சரக்கும் கெட்டுப்போகும்.

போர்ட்டர் வரவில்லை. கூடையை ஜல்லியில் இழுத்துக்கொண்டே பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தூணுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. ஜமக்காளம், நாற்காலி, குரோட்டன்ஸ் தொட்டி. போர்ட்டர்கள் சலவைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். எங்கள் போர்ட்டர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“நைனா, ஒரு கை குடு. எறா கெட்டுப்பூடும்” என்றேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் பாய்ந்து வந்தார். “ஏய், தள்ளிப் போ! ஐயா பேசிண்டிருக்கார், கண்ணு தெரியலை? இங்கே எவனாவது நகர்ந்தான், நாளைக்கு வேலை கிடையாது!”

அதிகாரி மைக்கில், ஜனங்களுக்குச் சேவை செய்யவே கட்டிய ஸ்டேஷன் இது என்று முழங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மேலே பேசினார். எல்லோரும் தட்டினார்கள். தட்டுவதற்கு மட்டும் அத்தனை கை இருந்தது.

“இன்னாத்துக்குய்யா தட்டிகினு கீறீங்க? ஒரு கூடைய தூக்கிவுட துப்பில்ல, தூ!” என்று கத்தினேன்.

சிரித்தார்கள். வெட்கம் கெட்டவர்கள். அடுத்து ஒருவர், அவருக்கு அடுத்து ஒருவர் என்று பேசி, மாலை போட்டு, காபி குடித்து முடிப்பதற்குள் இறால் சிவந்து நாறிவிட்டது. ஜனங்கள் கலைந்ததும் கூடையைப் பெரிய தூண்வரை இழுத்துப்போய், நாற்றத் தண்ணீர் புதுச் சுண்ணாம்பில் வழிய அத்தனையையும் அதன் அடியில் சாய்த்துக் கொட்டினேன்.

அப்போதுதான் போர்ட்டர் ஓடி வந்தார். “குடு தாயி, தூக்கிவுடறேன்” என்றார்.

காலிக் கூடை. நானே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.