சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்த படங்கள்

நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் சத்தமே வைக்காமல் ஒரு படம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். தப்புதான், ஆனால் இந்த வயதில் என்னை யார் கேட்கப்போகிறார்கள்? கதாநாயகன் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியதும் எனக்கு அந்த மைசூர் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிது. நான் சேலம் பக்கம். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அவர் மார்டள்ளிக்காரர், கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கிற தமிழ்க் கிராமம்; கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்தார். எனக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம், அவருக்கு ஒரு புதுசு. அட்டையில் ரத்தம் இருந்தால்தான் அவருக்கு அது படம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். மத்தியானத்துக்குள், தமிழ்நாட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் விடுகிற சண்டை எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. மாடியிலிருந்து வீட்டுக்கார ஜெயம்மா ஓடிவந்தார்.

"தமிழ்க்காரங்களத் தேடி ஹொடீத்தாரே. நீ வாயே தொறக்காதே. நா பாகிலுகிட்ட குந்த்திருக்கேன்."

தேடித் தேடி அடிக்கிறார்களாம். கதவுக்கு வெளியே, அரிசி புடைக்கிறவர்போல முறத்தோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே நான் தனியாக. மனித முகம் எதையாவது பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. சத்தத்தை அடியோடு அடைத்துவிட்டு டெக்கைப் போட்டேன்.

முதலில் புதுப்படம். பாட்டு இல்லாமல் டான்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? மலைமேல் நாற்பது பேர் காரணமில்லாமல் டிரில் செய்வதுபோல இருக்கும். சண்டை வந்ததும் நிறுத்திவிட்டேன். வெளியே ஓடுகிற கால் சத்தம் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தது. பழைய படம் பரவாயில்லை. முகத்தை ஆற அமரக் காட்டுவார்கள். அதில் ஒரு அம்மா அழ அழ, வசனம் எனக்கு மனப்பாடமாக வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

திடீரென்று கதவு திறந்தது. நாலைந்து ஆட்கள். ஜெயம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாரிவளு?"

"நன் தங்கி மகளு. ஜ்வர."

தங்கை மகளாம், காய்ச்சலாம். அதுவரைக்கும் எனக்கே புரிந்தது. ஒருவன் டி.வி.யைப் பார்த்தான். "யாவ சினிமா?"

"ஹளேது. சவுண்டு கெட்டோகிதே." பழசு, சத்தம் கெட்டுப்போய்விட்டது என்று ஜெயம்மா சமாளித்தார்.

திரையில் அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பாதி படத்தில் உட்கார்ந்துவிடுவானோ என்றுகூட நினைத்தேன். பிறகு போய்விட்டார்கள். ஜெயம்மா முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலில் போய் உட்கார்ந்தார்.

ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் வேலைக்குப் போனவர் வந்தார். இடது கையில் கட்டு. எங்கே, யார் என்று கேட்டதற்கு, "உசுரோட வந்துட்டனல்ல, விடு புள்ள" என்றார். இன்றுவரை அதற்குமேல் சொன்னதில்லை.

டெக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் தமிழ்க் கேசட் அலமாரியைக் காலி செய்திருந்தார். அப்புறம் கடையே போனது. ஜெயம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்றும் போனது. அதற்கு முன்பெல்லாம் என் கணவர் தெருமுனையிலிருந்தே, "புள்ள, சோறாக்கிட்டயா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார். அந்த வாரத்துக்குப் பிறகு, உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்ட பின்தான் என்னிடம் தமிழ் பேசுகிறார்.