காசிக்கு எட்டாத வாசனை

வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் காசி வீட்டுக்கு யார் போனாலும் முதலில் சோறு போடுவார். பிறகு அந்தச் சோற்றைப் பற்றிப் பேசியே அவர்களை ஒரு வழி பண்ணிவிடுவார். அவர் விளைவிப்பது சீரகச் சம்பா. ஆம்பூர் பிரியாணிக் கடைகளுக்கு அரிசி கொடுக்கும் சத்தார் பாய், ஒரு வருடம் இருப்பு வைத்த நெல்லைத்தான் வாங்குவார். புது நெல் அரிசி அண்டாவில் குழைந்துபோகும். அதனால் அறுத்த நெல்லை அடுத்த அறுப்பு வரைக்கும் பூச்சி பொட்டு அண்டாமல் காசி காபந்து பண்ண வேண்டும்.

பாய் வந்தால் காசி ஒரு கை நெல்லை அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடி, "ஆகா!" என்பார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாக நடிப்பார். ஏனென்றால் அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. இளவயதிலேயே ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனவர். அந்த நாற்றத்தில் முகம் சுளிக்கிறவனை அங்கே பொம்பளை என்று கேலி செய்வார்கள். சுளிக்காமல் இருந்து இருந்து, ஒரு நாள் சுளிக்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று. டேனரியை விட்டு மாமனார் நிலத்துக்கு வந்த பிறகும் அந்த மூக்கு திரும்பவில்லை. வாசனை அரிசி விற்கிறவனுக்கு மூக்கு இல்லை என்றால் ஊர் சிரிக்காதா? பெண்டாட்டி பாக்யலட்சுமியிடம்கூட அவர் சொல்லவில்லை.

வீடு ஒரு காலத்தில் நீளமான மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றதும் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு பாதியை நெல் கிடங்காகவும் மறு பாதியை அறையாகவும் ஆக்கிக்கொண்டார். சுவர் கூரை ஷீட்டைத் தொடவில்லை. மேலே ஒரு முழம் சந்து. காற்று வரட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

இந்த வருடம் மழை ஓயவில்லை. மூட்டைகளில் அந்துப்பூச்சி பறந்தது. பூச்சிமருந்துக் கடையில் மாத்திரை கொடுத்தார்கள். மூட்டைகளுக்கு இடையே வைத்துவிட்டால் புகை மாதிரி பரவிப் பூச்சியைக் கொல்லும். "நல்லா மூடி வையிங்க. பக்கத்துல யாரும் படுக்கக் கூடாது. பூண்டு வாசன வந்துச்சுன்னா வெளிய ஓடி வந்துடுங்க" என்று கடைக்காரர் சொன்னார். கடைசிப் பேச்சு காசிக்கு உதவாதது, அதனால் காதிலேயே வாங்கவில்லை. படுக்கக் கூடாது என்றதை மூட்டை மேல் படுக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டார். கிடங்கு வெளிக்கதவின் இடுக்கெல்லாம் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்டி, ஜன்னலில் சாக்கை அடைத்தார். தலைக்கு மேலே இருந்த சந்து மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள்தான் மகள் ஹேமலதாவை வளைகாப்பு முடித்துப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்தார்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஏழாம் மாதம். இருப்பதில் நல்ல அறை என்று அந்த அறையைக் கொடுத்தார்கள். வழக்கம்போல் காசி வாசல் கட்டிலிலும் பாக்யலட்சுமி பின்பக்க அடுப்படியிலும் படுத்தார்கள்.

"அம்மா, பூண்டு வாசன வருது. கொமட்டுது" என்றாள் ஹேமலதா.

பாக்யலட்சுமி சிரித்தாள். "மசக்கைடி."

"ஏழாம் மாசத்துலயா?"

"எனக்கு ஒம்போது மாசமும் இருந்துச்சு."

அன்றிலிருந்து ரசத்தில் பூண்டு இல்லை. வீட்டில் இருந்த பூண்டையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஹேமலதா வாந்தி எடுத்தாள், தலை வலிக்கிறது என்றாள், பூண்டு பூண்டு என்றாள். பாக்யலட்சுமிக்கே லேசாக ஏதோ அடிப்பதுபோல் சந்தேகம் வந்து புருஷனைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, உங்க மூக்குக்கு எதனா தெரியுதா?"

காசி அறை நடுவில் நின்று, நெல்லுக்கு இழுப்பதுபோல் மூச்சை நன்றாக இழுத்தார். "ஒண்ணும் இல்லியே. எல்லாம் மனசுதாம்மா" என்றார். அந்த வீட்டில் மூக்கு விஷயத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. ஹேமலதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலை நெல் பார்க்க வந்த சத்தார் பாய், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கென்று பழம் வாங்கி வந்திருந்தார். அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா காசி, பூண்டு ஊறுகா போடுறீங்களா? இவ்ளோ ஜாஸ்தியா வருது?"

"பூண்டா? வூட்ல ஒரு பல்லுகூட இல்ல பாய்" என்று பாக்யலட்சுமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

காதில் வாங்காத கடைக்காரர் பேச்சு அப்போதுதான் காசியின் காதில் விழுந்தது. ஓடிப்போய் மகளை எழுப்பினார். அவளால் நிற்க முடியவில்லை. நெஞ்சை அடைக்கிறது என்றாள். இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், "பாக்யம், நீயும் வெளிய வா! யாரும் உள்ள போவாதீங்க! வெஷம்!" என்று கத்தினார். பாய் காரைத் திருப்பினார். வேலூர் வரைக்கும் காசி மகளின் கையை விடவே இல்லை. பாக்யலட்சுமி முன் சீட்டில் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். காசி வராந்தாவில் நின்ற நிலையிலேயே நின்றார். மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா வந்து, குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது, தாயைச் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இன்னும் ஒரு ராத்திரி அங்கே படுத்திருந்தால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

உள்ளே விட்டபோது காசி கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். பாக்யலட்சுமியும் இருக்கும்போதே சொன்னார்.

"எனுக்கு மூக்கு வேல செய்யாதும்மா. டேனரில இருக்கும்போதே போய்டுச்சு. நேத்து தெரிஞ்ச மாதிரி சொன்னது பொய்யி."

பாக்யலட்சுமி வாயில் கை வைத்தாள். ஹேமலதா அப்பாவையே பார்த்தாள்.

"உனுக்கு மூக்கு இல்லாதது பரவால்லப்பா" என்றாள். குரல் இன்னும் தேறவில்லை. "எனுக்கு இருந்துச்சே. நான் சொல்லிக்கினேதான இருந்தேன்? பாய் ஒரு வாட்டி சொன்னாரு, ஒடனே ஓடியாந்த."

காசி தலையைக் குனிந்துகொண்டார்.