கதை கேட்கிற டீச்சர்

பொற்கொடிக்குச் செருப்பைக் கழற்றக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இழுத்துக் கட்டுகிற வாரும் கிடையாது பக்கிளும் கிடையாது, சாதாரண ரப்பர் செருப்புதான். பேட்டி எடுக்கப் போகிற வீட்டு வாசலில் நின்று ஒரு காலை உருவுவாள், ஒரு மூச்சு விடுவாள். மறுகாலை உருவுவாள், இன்னொரு மூச்சு. பிறகு இரண்டையும் கால்விரலாலேயே சுவரோரம் தள்ளிவிட்டு, "உள்ள வரலாங்களா?" என்பாள். மூட்டுவலிக்காரி போலிருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். மூட்டுவலியும் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மூச்சும் அதற்காக இல்லை, தன் வீட்டுக் கதையை வாசலிலேயே இறக்கி வைப்பதற்காக.

"ஒங்க கதைய மூட்ட கட்டி வெளிய வச்சிட்டுத்தான் உள்ள போகணும்" என்று சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ராஜலட்சுமி மேடம். பொற்கொடி புதுக்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நாற்பத்தாறு வயதில் பகுதி நேரமாக பிஎச்.டி. படுத்த படுக்கையாகிவிட்ட கணவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு அந்தக் களைப்பு எப்படி இருக்கிறது என்பது தலைப்பு. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எண்ணிச் சொல்லும் ஆய்வல்ல. நிகழ்வியல் என்று அதற்குப் பெயர். அனுபவிக்கிறவளுக்கு அது எப்படி இருக்கிறதோ அதை அவள் வாயாலேயே கேட்டு, தன் சரக்கு எதையும் கலக்காமல் எழுத வேண்டும். கல்லூரியில் மற்ற டீச்சர்களுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. "நாங்க பிளட் எடுத்து டேட்டா சேக்குறோம். இவுக ஊர் ஊராப் போயி கதை கேட்டே டாக்டர் ஆயிருவாக" என்பார்கள். பொற்கொடியும் சிரித்து வைப்பாள். பதில் சொல்லத் தெம்பு இருந்தால்தானே.

கதை கேட்பது அப்படி ஒன்றும் சுகமான வேலையில்லை. நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காலைல எந்திரிச்சதுலேருந்து ஒங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க." அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டினால்கூட, இதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று எதிராளிக்குத் தோன்றிவிடுமாம். நம் பக்கத்து ஜனங்களிடம் இது நடக்கிற காரியமா? இங்கே "ம்" கொட்டாவிட்டால் பேசுகிறவளுக்குப் பேச்சே வராது. கந்தர்வக்கோட்டையில் ஒரு பெண் பாதியில் நிறுத்தி, "டீச்சருக்கு எம்மேல எதுவும் கோவமா?" என்று கேட்டுவிட்டாள். இலுப்பூரில் ஒருத்தி, இவள் ஏதோ உதவித்தொகைக்கு எழுத வந்த அதிகாரி என்று நினைத்து, ஆதார் அட்டை ஜெராக்ஸை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசி முடித்தாள். கடைசியில் "இத எங்கிட்டு குடுக்குறதுங்க?" என்று அவள் நீட்டியபோது பொற்கொடிக்கு அழுகை வந்தது. முறைப்படி அதையும் காட்டவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பதிவைக் கேட்டுக் கேட்டுச் செல்போனிலேயே தட்டுவாள். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. அழுதது, இருமியது, பேசாமல் இருந்தது எல்லாம் வர வேண்டும். "பெருமூச்சு" என்ற சொல்லை அவளுடைய செல்போன் இப்போது முதல் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறது.

இத்தனை பேரிடம் கேட்கிறவளை ஒருவரும் கேட்டதில்லை. அவள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கிறது. அதில் உதயசூரியன் படுத்திருக்கிறார். டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: "ஆகட்டும்." பசிக்கிறதா என்றாலும் ஆகட்டும், வலிக்கிறதா என்றாலும் ஆகட்டும். அவரைப் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டு, கஞ்சியைக் குழாயில் ஊற்றிவிட்டு அவள் கல்லூரிக்கு ஓடுவாள். சனிக்கிழமைகளில் மகள் ஹரிணி பார்த்துக்கொள்வதால்தான் இந்த ஊர்சுற்றல் நடக்கிறது. ஹரிணிக்கு அம்மாவின் ஆராய்ச்சி என்றால் கேலி. ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது பொற்கொடி பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "பால் பொங்குனது ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு, கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க" என்றாள் மகள், அம்மா மாதிரியே குரலை இறக்கி. இரண்டு பேரும் சிரித்தார்கள். கட்டிலிலிருந்து "ஆகட்டும்" என்று சத்தம் வந்தது.

இப்படியெல்லாம் கட்டிக் காத்த முறை கோட்டைப்பட்டினத்தில் சந்தனமேரி வீட்டில் உடைந்தது. சந்தனமேரியின் கணவர் அருள்மணி விசைப்படகில் தவறி விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சந்தனமேரி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "துணியெல்லாம் அலசிப் போட்டுட்டுத் திரும்புவேன் டீச்சர், அதுக்குள்ள படுக்க மறுபடி நனைஞ்சிருக்கும். அப்ப வரும் பாருங்க ஒரு..." என்று அவள் சொல் தேடியபோது பொற்கொடி தன்னை மறந்து, "தெரியும்க்கா. எங்க வீட்லயும் இதே கததான்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். சந்தனமேரி தேடிய சொல்லை அப்படியே விட்டுவிட்டாள். "அண்ணனுமா படுத்துட்டாக?" என்று பரிதாபப்பட்டாள். அதற்கு மேல் எதைக் கேட்டாலும், "ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்" என்ற ஒரே பதில்தான். ஆறுதலாகச் சொன்ன ஒரு சொல் அவள் வாயை அடைத்துவிட்டது.

ராஜலட்சுமி மேடம் பதிவைக் கேட்டுவிட்டுப் போனில் சொன்னார். "இதுல அந்தம்மா எங்க இருக்காங்க பொற்கொடி? நீங்கதான் இருக்கீங்க. திரும்பப் போயிப் பேசுங்க. ஒங்க கொரல் இருக்கவே கூடாது. மாசக் கடைசிக்குள்ள தீசிஸ் வரலேன்னா ஒங்க பிஎச்.டி. பதிவே ரத்தாயிரும். இனிமே என்னால ஒண்ணும் செய்ய முடியாது." இந்த ஒரு பேட்டி தேறாவிட்டால் இத்தனை வருஷம் அலைந்தது, நடையாய் நடந்தது, பஸ்ஸில் பெருமூச்சு பெருமூச்சாகத் தட்டியது எல்லாமே வீண். பொற்கொடிக்குப் பயம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு சலிப்புதான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அறந்தாங்கி வழியாக மறுபடி கோட்டைப்பட்டினம் போய் இறங்கினாள். செருப்பை இன்னும் மெதுவாகக் கழற்றினாள். சந்தனமேரி தரையில் உட்கார்ந்து நெத்திலியைக் கிள்ளித் தலையை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அருள்மணியின் செல்போன் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பொற்கொடி தன் செல்போனைப் பதிவில் போட்டு, இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வழக்கமான அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள்.

சந்தனமேரி மீனைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "அண்ணன் எப்படி இருக்காரு?" என்றாள். பொற்கொடி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

"அன்னைக்கே பாத்தேன். என்னையத்தான் சொல்லச் சொல்றீங்க." சந்தனமேரிக்குக் கோபமில்லை, அவளும் களைத்துத்தான் இருந்தாள். "நான் மட்டும் மனசத் தொறந்து கொட்டணும், நீங்க வாயக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கணும். ஒங்களுக்கும் இதே பாடுதான்னு தெரிஞ்சப்புறம் எனக்கு எப்படி டீச்சர் பேச்சு வரும்? நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

செல்போனில் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. மேடத்தின் குரல் காதில் ஓடியது. பொற்கொடி கை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை பேரிடம் கேட்ட கேள்வியையே தனக்கும் போட்டுக்கொண்டாள்.

"விடியக்காலைல எந்திரிச்சதும் மொதல்ல அவரு நெஞ்சத்தான்க்கா பாப்பேன்" என்றாள், உள்ளறைக்குக் கேட்காத குரலில். "ஏறி எறங்குதான்னு. ஏறி எறங்கும். அதப் பாத்ததும் நிம்மதி வரணும்ல? வரல. இன்னைக்கும் இருக்காரேன்னு வருது. கட்டுன பொண்டாட்டிக்கு வரலாமா அது? எவ்வளவு பெரிய பாவி நான். அப்படியே நிப்பேன். அவரு கண்ணத் தொறந்து என்னையப் பாப்பாரு. பாத்துட்டு, ஆகட்டும்பாரு."

கையிலிருந்த மீனைச் சந்தனமேரி கிள்ளவில்லை. தெரியும் என்று சொல்லவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. உள்ளே பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பொற்கொடி முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

சந்தனமேரி மீனைச் சட்டியில் போட்டாள். எட்டி, ஸ்டூலிலிருந்த செல்போனைத் தன் பக்கம் இழுத்தாள். சிவப்பு வட்டத்தை விரலால் அமுக்கினாள். ஈரவிரல், பதியவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். ஓட ஆரம்பித்ததும் நடுவில் தள்ளி வைத்தாள்.

"காலைல எந்திரிச்சதுலேருந்துதானே கேட்டீங்க" என்றாள். "எந்திரிச்சு ஒடனே அவருகிட்ட போகமாட்டேன் டீச்சர். கொல்லைல போயிச் சும்மா ஒக்காந்திருப்பேன். அவரு கூப்புட்டுக்கிட்டே இருப்பாரு. காதுல விழும். விழுந்தும்..."

நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பொற்கொடி நுனியிலிருந்து நகர்ந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள்.