என் மொட்டைமாடியில் ஆரம்பித்த போர்

ஒரு போரை ஆரம்பித்துவைத்தவள் நான். என்மேல் கோபம் வந்தால் என் கணவர் இன்றைக்கும் முதலில் இதைத்தான் இழுப்பார். இழுக்கட்டும், நடந்தது நடந்ததுதானே.

தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்சி விமானங்களை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது பாட்டுக்குத் தலைக்கு மேல் சுற்றும். சத்தம் அதிகமானால் பேச்சை நிறுத்துவோம், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வானத்துக்கு லீவு, எங்களுக்குக் கூடுதல் தூக்கம். அந்த ஞாயிறு என்ன வந்ததோ, காலை ஆறரைக்கே இரண்டு விமானங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுகிற மாதிரி போயின. தூக்கம் கெட்டால் எனக்குச் சாமியே வந்தாலும் மரியாதை கிடையாது. கேமராவோடு மாடிக்கு ஓடிப் போய் ஒரு படம் எடுத்தேன். கொடியில் அப்பாவின் பனியன், அதற்கு மேலே விமானம். இணையத்தில் நாங்கள் பழியாய்க் கிடந்த நட்புத் தளத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் படத்தைப் போட்டு, ‘ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேங்கிறாங்க, போர் ஆரம்பிச்சாச்சு போல’ என்று எழுதினேன். தாம்பரத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதை யாரோ குழுவுக்கு வெளியே எடுத்துப் போய்விட்டார்கள். வெளியே இருப்பவனுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? அவன் கண்ணில் பட்டது விமானமும் ‘போர்’ என்ற வார்த்தையும்தான். எல்லையில் பதற்றம் என்று டிவிக்காரர்கள் வேறு ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் மேடவாக்கத்தில் என் ஆபீஸ் மெயிலுக்கே அந்தப் படம் வந்து சேர்ந்தது. ‘எல்லையில் இன்று அதிகாலை’ என்று தலைப்பு. ராணுவத்தில் எல்லோருக்கும் லீவு ரத்து, ஊருக்கு வந்துகொண்டிருப்பவர்களைக்கூடப் பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்குகிறார்கள் என்று கீழே ஒரு கதை. சத்தியமாக அதை நான் எழுதவில்லை. சாயங்காலம் அப்பா அதையே அச்செடுத்துக்கொண்டு வந்து எனக்கு அரை மணி நேரம் போர்த் தந்திரம் விளக்கினார். அவருடைய பனியனில் இருக்கும் ஓட்டை வரை படத்தில் தெரிகிறது, மனிதர் கண்டுபிடிக்கவில்லை. சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஏழு மணி வரைக்கும்தான். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் மாடம்பாக்கத்திலிருந்து போன் செய்தார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு நிச்சயதார்த்தம். அதற்காக ராணுவத்தில் இருந்த அவருடைய அண்ணன் லீவு வாங்கிக்கொண்டு முந்தின நாளே ரயிலேறியிருந்தார். கூப்பிட்டால் அவர் செல் அணைந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவர்கள் தெருவில் யாரோ அந்த மெயிலை அவர் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பெரிய பிள்ளை வராமல் நிச்சயம் கிடையாது, தள்ளிப் போடு என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாராம். ஒரு தடவை தள்ளிப் போனால் சகுனம் அது இது என்று கலியாணமே நின்றுவிடும் என்று இவருக்குப் பயம். எனக்கு அதற்கு மேல் பயம். உண்மையைச் சொல்வதென்றால் அந்தத் தளத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் சந்தித்ததே அதில்தான். வீட்டில் எல்லோரிடமும், ஆபீஸ் நண்பர் சொன்ன வரன் என்று புளுகி வைத்திருந்தோம்.

வாயைத் திறக்காதே என்று அவர் கெஞ்சினார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தாயை அழவிட்டு எனக்கு என்ன நிச்சயம் வேண்டிக்கிடக்கிறது? மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கம் போய், அவர் அம்மா முன்னால், அதாவது என் வருங்கால அத்தை முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

அத்தை திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார், செருப்பை மாட்டினார், அதை எனக்குக் காட்டு என்றார். இரண்டு பேரும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனோம். படம் போய்ச் சேர்ந்த இடங்களில் சென்னைக்காரர்களின் பெரிய குழு ஒன்றில்தான் கூச்சல் அதிகம். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அடித்து நொறுக்கணும் என்று ஒருவர். ஒரே நாளில் கதையை முடிக்கணும் என்று மேடவாக்கத்திலிருந்து ஒருவர். கூடுவாஞ்சேரியில் ஒருவருக்கு எல்லையில் போட்ட குண்டுச் சத்தம் கேட்டிருக்கிறது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை சிரிக்கவில்லை.

“சண்ட வேணும், சண்ட வேணும்னு எழுதிகினு கீறாங்களே, இவங்க வூட்லேர்ந்து யாருனா போயிகிறாங்களா?”

‘போர்’ என்ற வார்த்தையை முதலில் விளையாட்டாகத் தட்டியவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் என் செல் அடித்தது. இவர்தான். அண்ணன் பக்கத்து சீட்டுக்காரரின் போனிலிருந்து பேசினாராம். விஜயவாடா தாண்டிவிட்டாராம், தன் செல்லில் சார்ஜ் போய்விட்டதாம், வழியெல்லாம் சீட்டாட்டமாம். அத்தை அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதார், பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்றத எழுது என்றார்.

“எம்புள்ள லீவுல வந்துகினு கீறான். வெள்ளிக்கெழம அவன் தம்பிக்கு நிச்சயம். சண்ட கேக்கிறவங்க எல்லாம் வாங்க. சாப்டுங்க, அவன் மூஞ்சப் பாருங்க. அப்பால கேளுங்க.”

சாப்பாடு போடப்போவது என் அப்பா என்பதை அவர் யோசிக்கவே இல்லை. மண்டப விலாசத்தோடு அப்படியே போட்டேன். திரும்பி வரும்போது, இந்தக் கம்ப்யூட்டர் டப்பாவில்தானே ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் என் அப்பாவிடம் இதுவரை மூச்சு விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள், நிஜமாகவே வந்தார்கள். வாசலில் பெயர் கேட்டபோது தளத்தில் வைத்திருந்த வீரப் பட்டங்களைச் சொல்லக் கூச்சப்பட்டு நெளிந்தார்கள். ஒரே நாளில் கதையை முடிக்கச் சொன்ன மேடவாக்கத்துக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், கையில் சுவர்க் கடிகாரம் ஒன்று. பந்தியில் பரிமாறியது அண்ணன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு, எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே வந்தார். அந்த மேடவாக்கத்துக்காரரின் இலைக்கு வந்ததும் அத்தையும் வந்து பக்கத்தில் நின்றார்.

“இவன்தான் தம்பி எம்புள்ள. இப்பக் கேளு, இன்னா வேணும்?”

அந்த மனிதர் கையில் பிசைந்த சோற்றோடு அண்ணனை அண்ணாந்து பார்த்தார். அண்ணன் வாளியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

“ரசம் போதும்ணா,” என்றார் மேடவாக்கத்துக்காரர்.