பெயர் சொல்லி ஒரு ஜெபம்

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கொக்கியில் தொங்கும் வெள்ளைத் துணி, பள்ளியில் என் ஆசிரியராக இருந்த சாருடைய கைக்குட்டை. போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நடந்த நினைவு ஆராதனையின் முடிவில், அவருடைய மகள் வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. சாரிடம் இப்படி நாற்பதுக்கு மேல் இருந்ததாம். எல்லாம் மண்டியிடுவதற்கு முன் தரையில் விரிப்பதற்காக நான்காக மடித்துத் தேய்த்து வைத்திருந்தவை. பட்டாளத்தில் இருந்தபோது காட்டின் ஈரத்தரையில் தொடங்கிய பழக்கம் என்பார். முழங்காலுக்குக் கீழே கைக்குட்டை, மேலே வளையாத முதுகு. மேலதிகாரி முன் நிற்பவர்போல்தான் கடவுள் முன்னும் மண்டியிடுவார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாசலில் வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

அன்று ஐந்து பேர் பேசினார்கள். 'சேவை' என்ற சொல்லை முதல் இருவர் மட்டும் இருபத்தாறு முறை சொன்னார்கள். மூன்றாமவர் எழுந்ததும் அதை விட்டுவிட்டு, ஓடாத மின்விசிறிகளை எண்ணத் தொடங்கினேன். காட்டுச் சண்டையில் காயம்பட்ட கூட்டாளியைச் சார் முதுகில் சுமந்து வந்ததைச் சொன்னார்கள். கிள்ளானில் ஆசிரியரான பிறகு தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் மாலையில் பாடம் எடுத்ததையும், கேட்பாரற்று ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ததையும் சொன்னார்கள். எதுவும் பொய்யில்லை. நானே அவரிடம் கணக்குப் படித்தவன். கெட்டவனை வெறுப்பது எளிது, ஊரே துணைக்கு வரும். நல்லவரை வெறுப்பவன் தனியாக உட்கார்ந்துதான் வெறுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை தவறாமல் போட்டால் ஆண்டுக்கு ஒருமுறை வரும், சில ஆண்டு வராது. வீட்டில் நால்வருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு, செந்தூலில் ரயில்வே பட்டறைக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, ஆனால் அரிசி களையும்போதெல்லாம் பாடினாள். நோயைப் பற்றி அவரிடம் தானே சொல்லப்போவதாகவும், அதுவரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். அந்த வாரம் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்த்தோம் என்று பின்னால் பேசியவர்களுக்கு இந்தச் சனிக்கிழமை தெரியாது. அம்மாவுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, சபையில் ஜெபக்கூட்டம் நடத்தும் சாரைப் பார்த்து, விஷயத்தைச் சொல்லி, ஜெபித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் என்று மாப்பிள்ளையின் பெற்றோரையும் அப்பா அழைத்திருந்தார். சார் கைக்குட்டையை விரித்தார். "பேர் சொல்லாத ஜெபம் விலாசம் இல்லாத கடுதாசி" என்று அடிக்கடி சொல்பவர் அவர். கண்ணை மூடிவிட்டால் அவருக்கு அந்த அறையில் கடவுளைத் தவிர வேறு யாரும் கிடையாது. சபையின் நோயாளிகளை, கடன்காரர்களை, குடிகாரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முடித்துவிட்டு அக்காவின் பெயருக்கு வந்தார். "ஆண்டவரே, கல்யாணத்துக்கு நிக்கிற இந்தப் பிள்ளைய பன்னண்டு வயசிலேர்ந்து வாட்டுற வலிப்பு நோய எடுத்துப் போடும்."

நான் கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் திறந்திருந்தார். அவர் தன் கணவரைப் பார்த்தார், பிறகு அக்காவின் குனிந்த தலையைப் பார்த்தார். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த அம்மாவும் சொன்னார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய சித்தப்பா வந்து, அக்காவுக்கு அவர்கள் போட்டிருந்த மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தேநீரைத் தொடாமல் போனார். சார் மறுநாளே வந்தார். கர்த்தர் வேறொருவரை வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லி, மறுபடியும் கைக்குட்டையை விரித்தார். வேறொருவர் வரவில்லை. அக்கா டைப் அடித்தே ஓய்வு பெற்றாள். என் மனைவி இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அரிசி களைகிறாள், பாடுவதில்லை.

சார் தொண்ணூற்றிரண்டு வயதில் பங்சாரில் மகள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன ஆண்டு ஒருநாள் கிளம்பினேன். அவர் வாயால் ஒருமுறை, தப்பு என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா தடுத்தாள். "அந்த மனுசன்கிட்ட போயி இப்ப என்னா கேக்கப் போற? விடுலா" என்றாள். நான் விடவில்லை.

புதன், சனி, மோதிரம், தேநீர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். காது நன்றாகவே கேட்டது. முகத்தில் ஒரு கனிவு வந்தது, எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒரு ராத்திரி தவறல தம்பி," என்றார். "இன்னைக்கு வரைக்கும் அவளுக்காக ஜெபிக்கிறேன். பேர் சொல்லித்தான்."

"அதத்தான் வேணாங்கறேன் சார்."

"ஜெபத்தயா வேணாங்கற?"

"பேர."

அவருக்குப் புரியவில்லை. புரியாதது போல நடிக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "என்னால இறங்க முடியல. நீ கீழ விரிச்சு மண்டி போடு. உன் கோவத்துக்காக ஜெபிப்போம்."

அதை அப்படியே மடிப்புக் கலையாமல் அவர் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் கேட்டது. முதலில் அக்காவின் பெயர், அவள் நோயின் பெயர். அடுத்து என் பெயர், என் கோபம். மகள் ஆமென் சொன்னார்.

நினைவு ஆராதனைக்கு அக்கா வரவில்லை. நான் போனது அங்கேயும் யாராவது அந்தப் பெயரை எடுக்கிறார்களா என்று பார்க்கத்தான். கடைசி ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் எந்த ஜெபத்திலும் கண்ணை மூடியதில்லை, அன்றும் மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "என் பேரு வந்துச்சா?"

"வரல."

"வியாதி?"

"அதுவும் வரல."

மாத்திரை டப்பாவைத் திறந்தாள். பிறகு, "அப்ப இனிமே ராத்திரிக்கு ராத்திரி எடுத்துச் சொல்ல ஆளில்ல. மேல இருக்கறவருக்கு என் வியாதி மறந்துரும், பாவம்," என்று சிரித்தாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் மேசைமேல் வைத்திருந்த கைக்குட்டையை உதறி விரித்து, தம்ளர் வைத்த ஈர வட்டத்தைத் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினாள். அது யாருடையது என்று சொன்னேன். தெரியும் என்றாள்.

இப்போது சட்டி இறக்க அதைத்தான் எடுக்கிறாள். நல்ல துணி, கை சுடுவதில்லை.